மறு: மாரல் பேனிக் – "ஒழுக்கப் பீதி" சரிதானா?

எல்லோருக்கும் வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலுக்காக "மாரல் பேனிக்" (moral panic) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடுகிறோம். முந்தைய மடலில் ஒருவர் சொன்னது:

> "ஒழுக்கப் பீதி" என்று வைத்து இழையை முடித்துவிடலாமே. ஓரிரு கட்டுரைகளில் ஏற்கெனவே வந்துவிட்டது.

கொஞ்சம் பொறுங்கள் ஐயா. "காரைக்குடியில் ஒழுக்கப் பீதி" என்று ஒரு தலைப்புப் போட்டுப் பாருங்கள், படிப்பவர்களில் பாதிப் பேர் யார் வீட்டுப் பெண் யாரோடு போனாள் என்றுதான் தேடுவார்கள். ஒழுக்கம் என்ற சொல்லை அந்த ஒரு மூலையில் வைத்துப் பூட்டி ரொம்பக் காலமாகிறது. இந்தச் சொல்லைப் பரப்பிய சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன் 1972இல் எழுதிய புத்தகத்தில் சொன்னது வேறு. 1964 ஈஸ்டர் விடுமுறையில் கிளாக்டன் என்ற ஆங்கிலேயக் கடற்கரை ஊரில் பையன்கள் கோஷ்டி சேர்ந்து மோதிக்கொண்டார்கள், கொஞ்சம் கண்ணாடி உடைந்தது, அவ்வளவுதான். பத்திரிகைகள் அதை ஊரைச் சூறையாடிய கலவரமாக்கின. அப்புறம் போலீஸ், நீதிபதி, எம்.பி. என்று ஒவ்வொருவரும் பத்திரிகையைப் படித்துவிட்டுப் பேச, பேசியதைப் பத்திரிகை மறுபடி போட, கடைசியில் தலைமுறையே கெட்டுப்போய்விட்டது என்றாகிவிட்டது. இந்தச் சுழலுக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

இழை தொடங்கியது ஹாரி பாட்டரில் என்பதால் அதையே வைத்துச் சோதிக்கிறேன். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வீட்டு முகப்பில் பிள்ளைகளுக்காகப் புத்தக அலமாரி வைத்திருக்கிறார். போன கோடை விடுமுறையில் ஒரு தாயார் முதல் பாகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். புத்தகத்தைக் கையால் எடுக்கவில்லை, மஞ்சள் பையோடு திண்ணையில் வைத்துவிட்டு, "இதப் படிச்ச பிள்ளைக பேயைக் கும்பிடுதாம் சார், அமெரிக்காவுல பேப்பர்லயே போட்டுருக்கு" என்று போனை நீட்டினார். வாங்கிப் பார்த்தால், 2000 ஜூலையில் தி ஆனியன் வெளியிட்ட கட்டுரையின் சாரம் தமிழில் இருக்கிறது. ஆனியன் முழுக்க முழுக்க நையாண்டிப் பத்திரிகை. அதில் வந்த பிள்ளைகளும் கற்பனை, அவர்கள் சொன்னதாகப் போட்ட பேச்சும் கற்பனை. அது அப்போதே சங்கிலி மின்னஞ்சலாக, நிஜச் செய்தி என்ற பெயரில், ஊர் ஊராகச் சுற்றியது. கால் நூற்றாண்டு கழித்து எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஆசிரியர் அதே அலமாரியிலிருந்து பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையை எடுத்தார். "இதுல வேதாளம் பிணத்துக்குள்ள பூந்து மரத்துல தொங்குதேம்மா, இது பரவாயில்லையா?" "அது கதை சார்" என்றார் அந்தம்மா, சிரிக்காமல்.

பட்டிக்காட்டு அறியாமை என்று யாரும் சிரிக்க வேண்டாம். நியூ மெக்சிகோ மாநிலம் அலமகோர்டோவில் ஒரு போதகர் 2001 டிசம்பர் 30 அன்று இந்தப் புத்தகங்களைத் தீயில் போட்டார், தான் படித்ததில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். 2019 மார்ச்சில் போலந்தில் பாதிரியார்கள் எரித்துவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் நாஷ்வில்லில் ஒரு கத்தோலிக்கப் பள்ளி, அந்த மந்திரங்கள் நிஜமானவை, படித்தால் தீய ஆவி வரும் என்று சொல்லி நூலகத்திலிருந்தே எடுத்துவிட்டது. மந்திரம் பலிக்கும் என்று கதாசிரியரை விட அதிகமாக நம்பியவர்கள் அவர்கள்தான்.

எனக்கு உறைத்தது அந்தம்மா அடுத்துச் சொன்னது. இதெல்லாம் பொய் என்று விசாரித்துச் சொல்லிவிட்டார்களே என்றதற்கு, "யாரு சொன்னா, கவர்மெண்டா? ரோடு போட்டாச்சுன்னு போர்டு வச்சுருக்கான் சார், ரோட்டைக் காணோம்" என்றார். போர்டு இருக்கிறது, நானும் பார்த்திருக்கிறேன். ரோடு இல்லை. அந்தப் போர்டை வைத்தவர்கள் நாளைக்கு ஒரு வதந்தியை மறுத்து அறிக்கை விட்டால் எவன் நம்புவான்? 2017இல் பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டும் இணைய விளையாட்டு, நீலத் திமிங்கிலம் என்று நம் பக்கம் ஒரே அமர்க்களம், மதுரைக் கிளையில் உயர் நீதிமன்றமே தானாக வழக்கை எடுத்தது. 2018 ஜனவரியில், விசாரித்த எந்தச் சம்பவத்திலும் அந்த விளையாட்டுக்குத் தொடர்பு இருந்ததாக நிறுவ முடியவில்லை என்று மத்திய அரசு மக்களவையில் சொன்னது. பீதியை முதல் பக்கத்தில் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பதில் போய்ச் சேர்ந்தது? சேர்ந்த இடத்திலும் மூடி மறைக்கிறான் என்றுதான் பேச்சு.

பத்திரிகைக்காரர்களையும் விட முடியாது. 1979 ஆகஸ்டில் மிச்சிகன் அரசுப் பல்கலைக்கழக மாணவன் ஒருவன், 16 வயதுப் பையன், காணாமல் போனான். தேட வந்த துப்பறிவாளர், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, கற்பனைப் பாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டை விளையாடி நிலத்தடிச் சுரங்கத்தில் தொலைந்திருக்கலாம் என்று ஒரு ஊகத்தைச் சொன்னார். ஊகம்தான். பத்திரிகைகள் அதைக் காரணமாகவே ஆக்கின. பையன் வேறு மாநிலத்தில் கிடைத்தான், அவன் போனதற்குக் காரணம் மனச்சோர்வு, விளையாட்டு அல்ல. ஆனாலும் அதற்கப்புறம் பல ஆண்டுகள் அந்த விளையாட்டின் மேல் சாத்தான் முத்திரை. இங்கே ஒரு காலத்தில் காரைக்குடியிலிருந்து குமரன் இதழ் வந்தது, ஊழியன் இதழ் வந்தது, தப்பாக எழுதினால் ஆசிரியர்களான சொ. முருகப்பாவையோ ராய. சொக்கலிங்கத்தையோ நேரே போய்க் கேட்கலாம். இன்றைக்கு வருகிற ஃபார்வர்டுக்கு வீட்டு இலக்கமும் கிடையாது, ஆசிரியரும் கிடையாது. அதையே எடுத்து "சமூக வலைதளத்தில் பரவும் அதிர்ச்சித் தகவல்" என்று போட்டுவிட்டு, யாருக்கும் ஒரு போன்கூடப் பண்ணாமல் சம்பளம் வாங்குகிறார்கள்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். என் பரிந்துரை நெறிக்கிலி. நெறி என்றால் வாழும் முறை முழுவதும் வந்துவிடுகிறது, படுக்கையறையோடு நிற்காது. கிலியை எடுத்ததற்குக் காரணம் அதற்கு வினைகள் தயாராக இருக்கின்றன: கிலி பிடிக்கும், கிலி கிளப்பலாம், கிலி தெளியும். ஒரு கலைச்சொல் வாக்கியத்துக்குள் போய் வேலை செய்யாவிட்டால் பட்டியலில் கிடந்து தூசி படியும். கோஹனின் இன்னொரு சொல் ஃபோக் டெவில், பழியைச் சுமத்துவதற்கென்று ஊர் உருவாக்குகிற ஆள் அல்லது பொருள். அதற்குப் பூச்சாண்டி போதும், புதிதாகச் செய்ய வேண்டியதே இல்லை.

– கோட்டையூர்

---

தம்பிக்கு,

நெறி சரி. கிலி எனக்குச் சரிப்படவில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு வயதான அம்மாவைப் பிள்ளை பிடிக்கிறவள் என்று அடித்தே கொன்றார்கள், கோயிலுக்குப் போன இடத்தில். அதைப் போய்க் கிலி என்பதா? பேய்ப்பட விளம்பரம் மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. நீங்கள் மேற்கோள் காட்டியது பூராவும் கிறித்தவர்கள். இதே காரைக்குடியில் புராணம் படித்தால் புத்தி கெடும் என்று மேடை போட்டுப் பேசிய சுயமரியாதைக்காரர்களை மறந்துவிட்டீர்களா, அந்தக் குமரனே அந்தக் கட்சிதானே. அதுவும் நெறிக்கிலியா? பூச்சாண்டி கட்டாயம் ஆகாது. எதிர்க்கட்சி பூச்சாண்டி காட்டுகிறது என்று தினம் படிக்கிறோம், அதில் காட்டுகிறவனுக்குப் பொய் என்று தெரியும். பையோடு புத்தகத்தை வைத்துவிட்டுப் போன அந்தம்மா நிஜமாகவே பயந்தவர்.

– தேவகோட்டை

---

ஆச்சி,

பூச்சாண்டியில் நீங்கள் சொல்வது நியாயம், ஆனால் காட்டுவது வேறு, பூச்சாண்டி வேறு. காட்டுகிறவன் எவனாக இருந்தாலும் காட்டப்படுவது பூச்சாண்டிதான். இங்கே ஹாரி பாட்டர் பூச்சாண்டி, திருவண்ணாமலையில் அந்த அம்மாவைப் பூச்சாண்டியாக்கிவிட்டார்கள். "பூச்சாண்டியாக்கு" என்று வினையும் கிடைக்கிறது, அதனால் விட மனமில்லை.

சுயமரியாதைக்காரர்கள் பேசியது வாதம். பேர் போட்டு எழுதினார்கள், மறுத்தவர்களுக்குப் பதில் சொன்னார்கள். புராணத்தின் மேல் கோபம் என்பதாலேயே அது கிலி ஆகாது. சரிபார்க்காத செய்தி, மறுப்பை நம்பாத கூட்டம், பழி போட ஒரு ஆள், மூன்றும் சேர வேண்டும். அந்த வரையறையைப் பதிவிலேயே சேர்த்துவிடுகிறேன்.

கிலி லேசான சொல் என்பதை ஏற்கவில்லை. பிடித்தவனுக்கு அது லேசாக இருப்பதில்லை, கொலை வரைக்கும் போகிறது என்பதுதான் விஷயமே. பீதி என்று வைத்தால் தொற்றுநோய்ச் செய்தியும் பங்குச்சந்தையும் அதே சொல்லில் வந்து நிற்கும்.

இப்போதைக்கு நெறிக்கிலி, பூச்சாண்டி இரண்டையும் பட்டியலில் ஏற்றுகிறேன், நீங்கள் சொன்ன மறுப்போடு சேர்த்து. அடுத்தது சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் 1963இல் சொன்ன மாரல் ஆந்த்ரப்ரனர், இந்தக் கிலியை முன்னின்று நடத்துகிறவர். அதற்குக் "கிலி வியாபாரி" என்று ஒருவர் தனியே எழுதியிருந்தார். செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு வியாபாரி என்பதை வசவாக்க நான் தயாரில்லை, வேறு ஏதாவது சொல்லுங்கள்.

– கோட்டையூர்