ஆட்டோமேட்டிக் கதவு வேலை: அப்ரண்டிஸ் கடைசி மதிப்பீட்டில் செய்முறைக்கு எதைப் பார்ப்பார்கள்?

கோத்தகிரி எலக்ட்ரீஷியன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டு, ஆட்டோமேட்டிக் கதவு மாட்டி சர்வீஸ் செய்யும் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாக இருக்கிறேன். ஆபீஸ் கோயம்புத்தூர், எனக்கு வேலை பெரும்பாலும் மலையில்தான். கோத்தகிரி, குன்னூர், ஊட்டியில் ஹோட்டல்கள், ஆஸ்பத்திரி, சில வங்கிகள்.

அடுத்த மாதம் கடைசி மதிப்பீடு. எழுத்துத் தேர்வு, ஒரு செய்முறை, அப்புறம் என் வேலைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு நேர்முகம். மதிப்பிட வருபவர் வெளி ஆள். செய்முறைக்கு இரண்டு பலகை ஸ்லைடிங் கதவு. வேண்டுமென்றே சில கோளாறு வைத்திருப்பார்களாம். கண்டுபிடித்துச் சரிசெய்து, கஸ்டமரிடம் ஒப்படைப்பது வரை செய்து காட்ட வேண்டும்.

கண்ட்ரோலர் செட்டிங் எல்லாம் எனக்கு நன்றாக வரும். பயம் வேறு இடத்தில். கண்ணாடிப் பலகையை என்னால் தனியாகத் தூக்க முடியாது, உதவிக்கு ஆள் கேட்டால் மார்க் குறையுமா? சர்வீஸுக்குப் போன அளவுக்குப் புதுக் கதவு மாட்டும் வேலைக்கு நான் போனதில்லை, அது பதிவேட்டில் குறையாகத் தெரியுமா? சீனியர்கள் "நம்பரைச் சொல்லு, பாஸ் ஆயிடுவ" என்கிறார்கள். எந்த நம்பர்?

---

கொடைக்கானல் ஃபிட்டர் எழுதியது:

போன வருஷம் முடித்தவன். எழுத்துத் தேர்வு பயப்படும்படி இல்லை. ஓம் விதி, எர்த்திங், சென்சார் ரிலேயில் என்ஓ (சும்மா இருக்கும்போது திறந்திருக்கும் தொடர்பு), என்சி (மூடியிருக்கும் தொடர்பு) வித்தியாசம், கரண்ட் போனால் திறந்துகொள்ளும் பூட்டு எது, கரண்ட் போனாலும் பூட்டியே இருப்பது எது, எந்த வாசலுக்கு எதைப் போடலாம் என்று கேட்டார்கள். கடைசிக் கேள்வியில் நிறையப் பேர் மாட்டிக்கொண்டார்கள். ஆள் வெளியேறும் வழியில் உள்ள கதவு உள்ளேயிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும், தேசியக் கட்டிட விதித்தொகுப்பே அப்படித்தான் சொல்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி விடை தானாக வந்துவிடும்.

செய்முறையைப் பற்றி அனுபவம் உள்ளவர்கள் சொல்லட்டும்.

---

மேட்டுப்பாளையம் சர்வீஸ் எழுதியது:

அம்மிணி, முதலில் கண்ணாடி. 12 மி.மீ. டஃபன்டு கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ. ஒரு மீட்டர் அகலம், 2.2 மீட்டர் உயரப் பலகை என்றால் கண்ணாடி மட்டுமே 66 கிலோ. அதைத் தனியாகத் தூக்குகிற ஆளுக்குத்தான் மார்க் குறைய வேண்டும். "இதுக்கு ரெண்டு பேர் வேணும், கண்ணாடியை உறிஞ்சிப் பிடிக்கிற சக்கர் கப் வேணும்" என்று கேட்டு நிற்பது வேலை தெரிந்தவரின் பேச்சு. நான் மதிப்பீட்டாளருக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் அவர் பேனாவை எடுத்து நல்லதாக ஏதோ குறித்தார்.

அடுத்தது, இதைத்தான் நீ மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். செய்முறையில் கதவு திறக்கிறதா என்பது சின்ன விஷயம். மூடும்போது நடுவில் ஆள் இருந்தால் அது என்ன செய்யும், அதை நீ எப்படிச் சோதித்துக் காட்டுகிறாய், அதுதான் தேர்வு.

வந்ததும் ஹெடர் மூடியைக் (கதவுக்கு மேலே மோட்டார் இருக்கும் பெட்டியின் மூடி) கழற்றாதே. தடுப்பும் போர்டும் வைத்துவிட்டு, கதவு இருக்கிற நிலையிலேயே நாலைந்து தடவை ஓடட்டும், காது கொடுத்துக் கேள். வாசலில் உள்ள செக்யூரிட்டியிடம் பேசு. "காலையில மட்டும் தானா திறக்குது", "மழை பெஞ்சா மூட மாட்டேங்குது" என்று அவர் சொல்வது மீட்டர் காட்டுவதைவிட வேகமாக வழி காட்டும். தேர்வில் செக்யூரிட்டிக்குப் பதிலாக மதிப்பீட்டாளரே அங்கே நிற்பார், அவரிடம் கேள். கேட்காதவர்களை அவர் குறித்துக்கொள்கிறார்.

அப்புறம் கதவுக்கு வரும் கரண்டை நிறுத்தும் பிரேக்கரை, அதாவது எம்சிபியை ஆஃப் செய்து, பூட்டி, டேக் மாட்டு. இங்கேதான் நல்ல பையன்கள்கூட விழுவார்கள். எம்சிபி ஆஃப் ஆனாலும் உள்ளே பேட்டரி இருக்கிறது. கரண்ட் போனதும் கதவைத் திறக்கவே அது வைக்கப்பட்டிருக்கிறது, அதனால் நீ பெல்ட்டில் கை வைக்கும் நேரத்தில் கதவு ஓடலாம். பேட்டரி கனெக்டரையும் கழற்றி, ஆள் வருவதைப் பார்த்துக் கதவைத் திறக்கும் ரேடாருக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்து, கதவு அசையவில்லை என்று உறுதி செய்து, மீட்டர் வைத்து, பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். செய்யும்போதே ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல். மனதுக்குள் செய்தால் அவருக்குத் தெரியாது.

பவர் இல்லாத அந்த நேரத்தில் பலகையைக் கையால் தள்ளிப் பார். முழு நீளத்துக்கும் ஒரே சீராகப் போக வேண்டும். எங்கேயாவது இழுத்தால் ஃப்ளோர் கைடில் மண்ணா, ரோலர் தேய்ந்திருக்கிறதா, ஹெடர் மட்டம் சாய்ந்திருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார். கண்ட்ரோலர் செட்டிங் நன்றாக வரும் என்று எழுதியிருக்கிறாய், அதனால்தான் இதைச் சொல்கிறேன். செட்டிங் தெரிந்தவர்கள் நேரே அங்கே போய், இழுக்கிற கதவுக்கு மோட்டார் விசையைக் கூட்டிவிடுவார்கள். கதவு ஓடும், கஸ்டமரும் சந்தோஷப்படுவார். ஆனால் அந்தக் கூடுதல் விசை நாளைக்கு ஒரு பாட்டியின் தோளில் போய் விழும். மெக்கானிக்கல் கோளாறை மெக்கானிக்கலாகத்தான் தீர்க்க வேண்டும். வைக்கிற கோளாறுகளில் ஒன்று கட்டாயம் இந்த வகையில் இருக்கும்.

எல்லாம் சரியானதும் லேர்ன் ஓடவிடு. அப்போது கதவு தன் முனைகளைத் தேடும், வாசலில் யாரையும் நடக்க விடக் கூடாது.

இனி நம்பர். மனப்பாடம் பண்ணாதே, காரணத்தோடு வைத்துக்கொள். இந்த வேலையில் எல்லோரும் எடுத்துப் பேசுவது ஐரோப்பியத் தரமான இஎன் 16005, 2012இல் வந்தது. விரல் போகும் சந்து 8 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது, இல்லையென்றால் 25 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இடைப்பட்ட அளவுதான் விரலைப் பிடிக்கும். அவசர வெளியேறும் வழியில் உள்ள ஸ்லைடிங் கதவு சிக்னல் கிடைத்து 3 விநாடிக்குள் 80 சதவீதம் திறந்தாக வேண்டும். லோ எனர்ஜி, அதாவது மோதினாலும் அடிபடாதபடி மெதுவாக ஓடும் கதவு என்று போடுவதன் இயக்க ஆற்றல் 1.69 ஜூல் அளவைத் தாண்டக் கூடாது. பலகையைத் தொங்கவிடும் ஹேங்கரோடு சேர்த்து பலகை 80 கிலோ என்று வை. நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் 10 ஜூல். வேகத்தை 0.2 மீட்டராகக் குறைத்தால் 1.6 ஜூல். வேகம் பாதியானால் ஆற்றல் கால்வாசி ஆகிறது. இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டினால் அவர் மேலே கேட்க மாட்டார்.

சென்சார் சோதனையில் நடந்து காட்டிவிட்டு முடிக்காதே. நுழைவு ரேடார் அசைவை மட்டும் பார்க்கும். நடந்து வந்து வாசலின் நடுவில் அப்படியே அசையாமல் நில். ஹோல்டு டைம் (கதவு திறந்தே நிற்கும் நேரம்) முடிந்து கதவு உன்மேல் வரக் கூடாது, அசையாமல் நிற்பவரையும் பார்க்கும் பிரசன்ஸ் சென்சாரும் வாசலின் குறுக்கே போகும் ஒளிக்கதிரான பீமும் பிடிக்க வேண்டும். பக்கவாட்டில் சுவரை ஒட்டி மெதுவாக வா. 700 × 300 × 200 மி.மீ. அளவில் சோதனைப் பெட்டி ஒன்று உண்டு, அதைப் படுக்கவைத்தும் நிறுத்தியும் பார். குழந்தை உயரத்தில் சென்சார் பார்க்கிறதா என்பது அதில்தான் தெரியும். பலகை திறந்து போய் ஒதுங்கும் பின்பக்கத்தையும் காட்டு. எல்லோரும் வாசலையே பார்ப்பார்கள், ஒதுங்கும் பக்கத்தில் சுவருக்கும் பலகைக்கும் நடுவில் நசுங்குவதை மறந்துவிடுவார்கள்.

மலையில் வேலை செய்ததைக் குறையாக நினைக்காதே. நேர்முகத்தில் உன் பலமே அதுதான். ஐப்பசி கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரி பக்கம் மழையும் மூடுபனியும் எப்படி என்று உனக்குத் தெரியும். இன்ஃப்ராரெட் சென்சார் லென்ஸில் விடியற்காலை ஈரம் கோத்துக்கொள்கிறது, கதவு தானாகத் திறக்கிறது அல்லது மூட மறுக்கிறது. சென்சிடிவிட்டியைக் குறைத்துவிட்டு வருவது கீழ்நாட்டு ஆள் செய்வது. லென்ஸைத் துடைத்து, கேஸ்கெட் பார்த்து, கூரைச் சொட்டு ரேடார் எல்லைக்குள் விழுகிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் சென்சாரை இடம் மாற்றுவதுதான் சரி. ஊட்டியில் தை மாதம் உறைபனி விழும் காலையில் பேட்டரியின் திறன் குறைந்துவிடும். மதியம் சோதித்து "ஓகே" எழுதினால் அது பாதிச் சோதனைதான். குரங்கு வந்து நின்றாலும் காட்டுமாடு வாசல் பக்கம் ஒதுங்கினாலும் ரேடாருக்கு எல்லாம் ஒன்றுதான். எல்லையைச் சுருக்கியது, வாசலை நோக்கி வருவதற்கு மட்டும் திறக்கும்படி வைத்தது, இரவில் வெளியேற மட்டும் திறக்கும் நிலைக்கு மாற்றியது, இதையெல்லாம் செய்திருந்தால் பதிவேட்டில் காரணத்தோடு எழுது.

பதிவேட்டில் "பெல்ட் மாற்றினேன்" என்று எழுதினால் அதில் ஒன்றும் இல்லை. ஏன் தேய்ந்தது, மாற்றும் முன் அளவு என்ன, பின் என்ன, யாரிடம் ஒப்படைத்தாய் என்று எழுது. முடிக்க முடியாமல் திரும்பிய வேலை இருந்தால் அதையும் வை. உதிரி பாகம் வரும்வரை கதவை எந்த நிலையில் விட்டு வந்தாய் என்பதை அவர் ஆர்வமாகக் கேட்பார். புது இன்ஸ்டாலேஷனுக்கு மதிப்பீட்டுக்கு முன் ஒருமுறையாவது உன்னை அனுப்பச் சொல்லி சூப்பர்வைசரிடம் எழுத்தில் கேள். அது உனக்குச் சேர வேண்டிய பயிற்சி.

---

ஊட்டி ஆஸ்பத்திரி மெயின்டனன்ஸ் எழுதியது:

நான் கதவு வேலைக்காரன் இல்லை, கதவை வாங்கி வைத்திருக்கும் பக்கம். அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஒப்படைப்பு.

சர்வீஸுக்கு வரும் தம்பிகள் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ராத்திரி ஷிஃப்டில் இருக்கும் சிஸ்டருக்குக் கதவு நின்றுவிட்டால் எந்த ஸ்விட்சைத் திருப்பிக் கையால் தள்ள வேண்டும் என்று தெரியாது. ஸ்ட்ரெச்சர் வெளியே நிற்கும். ஒப்படைக்கும்போது அங்கே வேலை செய்யும் ஒருவரைக் கூப்பிட்டு, அவர் கையால் ஒருமுறை செய்ய வையுங்கள். ஃபயர் அலாரம் பேனலோடு கதவை இணைத்திருந்தால் அதையும் எங்கள் கண் முன்னால் சோதியுங்கள்.

இன்னொன்று. எங்களைப் போன்ற கஸ்டமரே தப்பாகக் கேட்போம். குளிர் உள்ளே வருகிறது, கதவு சீக்கிரம் மூடட்டும், அந்த பீமை எடுத்துவிடுங்கள் என்போம். ஊட்டியில் ஹோட்டல்காரர்கள் எல்லோரும் கேட்பது இது. அப்போது முடியாது என்று மரியாதையாகச் சொல்லி, ஏன் என்று விளக்கி, கேட்டதையும் மறுத்ததையும் ரிப்போர்ட்டில் எழுதிவிட்டுப் போகிற டெக்னீஷியனைத்தான் நான் அடுத்த வருஷமும் கூப்பிடுவேன்.

---

கோத்தகிரி எலக்ட்ரீஷியன் எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணா, நன்றி சார். பேட்டரி கனெக்டர் விஷயம் எனக்குப் புதிதாக இருந்தது. எங்கள் டீமில் எம்சிபியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நாளைக்கே சூப்பர்வைசரிடம் பேசுகிறேன், தேர்வுக்காக மட்டும் இல்லை.

ஒரு சந்தேகம். சார் சொன்ன மாதிரி குளிருக்காகக் கதவைச் சீக்கிரம் மூடச் சொன்னால், முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டு வருவதா? அவர்கள் ஹீட்டர் செலவும் உண்மைதானே.

---

மேட்டுப்பாளையம் சர்வீஸ் எழுதியது:

நல்ல கேள்வி, நேர்முகத்தில் இது வந்தாலும் வரும். மறுத்துவிட்டு வராதே, வேறு வழி கொடு. ஹோல்டு டைமை மெதுவாக நடப்பவர் கடக்கும் அளவுக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது. அதற்கு மேல் வீணாகத் திறந்திருக்கும் நேரத்தைக் குறைக்கலாம். வாசலைக் கடந்து குறுக்கே போகிறவர்களுக்குத் திறக்காதபடி ரேடார் கோணத்தைத் திருப்பு. ஆள் குறைவான நேரத்தில் பாதித் திறப்பு நிலையைப் போடச் சொல். பிரஷ் சீல் தேய்ந்திருந்தால் மாற்று, காற்று அதில்தான் அதிகம் வரும். இடம் இருந்தால் இரண்டாவது கதவு வைத்து நடுவில் ஒரு சின்ன அறை மாதிரி செய்யலாம் என்று கொட்டேஷன் கொடு. பீமில் மட்டும் யார் சொன்னாலும் கை வைக்காதே.

சூப்பர்வைசரிடம் பேசும்போது டேக், பூட்டு இரண்டும் உன் பெயரில் தனியாக வேண்டும் என்று கேட்டு வாங்கு. தேர்வன்று அதையே எடுத்துப் போ.