20 அடி போர்டு: வெக்டர் பிடிஎப் கொடுத்தும் லோகோ உடைகிறது, தமிழ் எழுத்தும் மாறுகிறது

இலைச்சாப்பாடு:
வணக்கம். கரூரில் மாமா மெஸ் திறக்கிறார். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே பெண் நான்தான் என்பதால் போர்டு வேலை என் தலையில் விழுந்துவிட்டது. முகப்பு 20 அடிக்கு 4 அடி. வாழையிலை போட்ட லோகோவை நான்கு வருடம் முன்பு ஒருவர் செய்து கொடுத்தார். "வெக்டர் ஃபைல்" என்று அவர் அனுப்பிய பிடிஎப் மட்டும்தான் கையில் இருக்கிறது. ஒரிஜினல் போன ஹார்ட் டிஸ்கோடு போய்விட்டதாம்.

அதை இல்லஸ்ட்ரேட்டரில் திறந்து, பக்கத்தில் பாமினி ஃபான்டில் கடைப்பெயர் அடித்துக் கொடுத்தேன். பிளெக்ஸ் கடைக்காரர் இரண்டு குறை சொல்கிறார். லோகோ உடைகிறது. தமிழ் இருந்த இடத்தில் அவர் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. எனக்கு இன்னொரு தொல்லை: ஆர்ட்போர்டை (வரையும் பக்கத்தை) 240 அங்குலம் வைக்கப் போனால் ஏற்க மாட்டேன் என்கிறது. படத்தைத் தானாகவே கோடாக்கும் இமேஜ் ட்ரேஸும் போட்டுப் பார்த்தேன், இலை பூச்சி அரித்த மாதிரி ஆகிவிட்டது. வியாழக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். எங்கே தப்பு?

பட்டறைக்காரன், ஈரோடு:
அம்மணி, முதலில் ஒரு சோதனை. ஃபைலைத் திறந்து கன்ட்ரோல் ஒய் அடியுங்கள். இலையின் ஓரம் மெல்லிய கோடாகத் தெரிந்தால் வெக்டர், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோட்டு வடிவம். வெறும் கட்டம் மட்டும் தெரிந்தால் உள்ளே இருப்பது போட்டோ. பிடிஎப் என்பது பை மாதிரி. காய்கறியும் வைக்கலாம், கல்லும் வைக்கலாம். ஜேபெக்கை உள்ளே போட்டு பிடிஎப் என்று சேவ் செய்து "வெக்டர்" என்று கொடுப்பதை வாரத்துக்கு நாலு தடவை பார்க்கிறேன்.

இன்னொன்று, இது பிளெக்ஸ் பிரிண்டா, இல்லை ஏசிபி ஷீட்டில் (அலுமினியம் ஒட்டிய பலகையில்) அக்ரிலிக் எழுத்தா? இரண்டுக்கும் ஃபைல் வேறு. அதைச் சொல்லாமல் யார் என்ன யோசனை சொன்னாலும் பாதிதான் உதவும்.

இலைச்சாப்பாடு:
கட்டம்தான் அண்ணா. லிங்க்ஸ் பேனலில் பார்த்தால் படத்தின் அகலம் 900 பிக்சல். போர்டில் லோகோ 5 அடி அகலம் வரும்.

திறப்பு விழாவுக்கு பிளெக்ஸ், தீபாவளிக்கு முன் அதைக் கழற்றிவிட்டு ஏசிபியில் லைட் எழுத்து. மாமா இன்றுதான் இதைச் சொல்கிறார்.

பட்டறைக்காரன், ஈரோடு:
5 அடி என்றால் 60 அங்குலம். 900ஐ 60ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு 15 பிக்சல்தான். கடைமுன் போர்டைப் பத்தடி தூரத்திலிருந்து பார்ப்பார்கள், உடையாமல் என்ன செய்யும்? பிளெக்ஸில் போட்டோவுக்கு நாங்கள் முழு அளவில் 72 கேட்போம். நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய போர்டு என்றால் அதைவிடக் குறைவும் போதும். லோகோவை மட்டும் மறுபடி வரைந்துவிடுங்கள், வேறு வழியில்லை.

பேனாமுனை:
வரைவதைப் பற்றி நான் சொல்கிறேன். பயப்பட வேண்டாம், இலைதானே.

படத்தை ஒரு லேயரில் வைத்து, பாதி மங்கலாக்கிப் பூட்டிவிடுங்கள். மேல் லேயரில் பென் டூல். புள்ளிகளை வளைவு திசை மாறும் இடத்திலும் கூர்முனையிலும் மட்டும் வையுங்கள். முழு இலையின் வெளிக்கோட்டுக்கு ஏழெட்டுப் புள்ளி போதும். ட்ரேஸ் போட்டபோது எத்தனை வந்தது என்று பாருங்கள், நூற்றுக்கணக்கில் இருக்கும். அந்த 900 பிக்சல் படத்தின் மங்கிய ஓரத்தை உண்மையான வடிவம் என்று நம்பி, ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் ஒரு புள்ளி வைத்திருக்கும். பூச்சி அரித்தது அதுதான். நாளைக்கு, கம்ப்யூட்டர் ஃபைலைப் பார்த்து வெட்டும் சிஎன்சி ரூட்டரில் அதே ஃபைலைப் போட்டால் மெஷின் ஒவ்வொரு புள்ளியிலும் தடுமாறி, அக்ரிலிக் ஓரம் ரம்பப் பல் மாதிரி வரும்.

வட்டம் இருந்தால் வட்ட டூல், நேர்கோடு இருந்தால் லைன் டூல். கையால் தடவ வேண்டாம். லோகோவில் ஆங்கில எழுத்து இருந்தால் அதையும் வரையாதீர்கள், என்ன ஃபான்ட் என்று கண்டுபிடித்து அடியுங்கள். இலை நரம்புகளைக் கோடாக வரைந்து தடிமன் கொடுங்கள். முடிந்ததும் அவுட்லைன் ஸ்ட்ரோக் போட்டு வடிவமாக மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் பெரிதாக்கும்போது கோடு அதே தடிமனில் நின்று, 5 அடி இலையில் நரம்பு தலைமுடி மாதிரி தெரியும். கோரல்டிரா மென்பொருளில் ஹேர்லைன் என்ற மிக மெல்லிய கோடு வைத்துவிட்டு "பிரிண்டில் கோடே வரவில்லை" என்று சண்டைக்குப் போனவன் நான், அதனால் சொல்கிறேன்.

எழுத்துக்கூடம்:
தமிழ் எழுத்து மாறியதற்குக் காரணம் எளிது. பாமினி யூனிகோடு ஃபான்ட் இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த பழைய ஏற்பாடு. மெய்யெழுத்தின் புள்ளி அதில் அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. கடைக்காரரிடம் பாமினி இல்லையென்றால் அடியில் உண்மையாகச் சேமித்திருப்பது வெளியே வந்துவிடும். நீங்கள் சொன்ன அரைப்புள்ளிகள் எல்லாம் அவைதான்.

கொடுக்கும் முன் கர்வ் பண்ணிவிடுங்கள், அதாவது எழுத்தை ஃபான்ட் தேவைப்படாத வடிவமாக மாற்றிவிடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல் ஷிப்ட் ஓ, கோரலில் கன்ட்ரோல் க்யூ. ஆனால் கர்வ் பண்ணாத ஒரு காப்பியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். "மெஸ் பக்கத்தில் சைவம் என்று சேர்த்துவிடு" என்று மாமா கடைசி நிமிடத்தில் சொல்வார், நிச்சயம் சொல்வார்.

யூனிகோடு ஃபான்டுக்கு மாறினால் டைப் அமைப்பில் இந்திய மொழிகளுக்கான வசதியை இயக்கி, தெற்காசியக் கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் "மெ"யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இதோடு அச்சாகி ஊரெல்லாம் தொங்குகிற போர்டுகள் கொஞ்சமா?

அளவுகோல்:
240 அங்குலம் ஏன் ஏற்கவில்லை என்றால், இல்லஸ்ட்ரேட்டரின் வழக்கமான எல்லை 227.5 அங்குலம். 19 அடிக்கும் சற்றுக் குறைவு. 2020க்குப் பிறகு வந்த பதிப்புகளில் 2,270 அங்குலம் வரை போகும், கோரலில் 1,800 அங்குலம். உங்களுடையது பழைய பதிப்பு போல. பத்தில் ஒரு பங்கு அளவில் செய்யுங்கள். பிளெக்ஸை பிரேமில் மடித்து அடிக்க நாலு பக்கமும் 3 அங்குலம் விட்டால் மொத்தம் 246க்கு 54. உங்கள் ஃபைலில் 24.6க்கு 5.4. மடிப்பு ஓரத்தில் பின்னணி நிறம் மட்டும் இருக்கட்டும், எழுத்து வரக்கூடாது.

பட்டறைக்காரன், ஈரோடு:
சரிதான், ஆனால் ஃபைல் பெயரிலேயே "10 மடங்கு, முழு அளவு 246 x 54 அங்குலம்" என்று எழுதுங்கள். எழுதாமல் வந்த ஃபைலை ராத்திரி ஷிப்டில் ஒரு பையன் அப்படியே அடித்து, இரண்டடி போர்டை மடித்து வைத்திருந்தான். காலையில் கஸ்டமர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

நிழல், மங்கல் மாதிரி எஃபெக்ட் வேண்டவே வேண்டாம். அவை வெக்டர் ஃபைலுக்குள்ளும் பிக்சல்தான். 300இல் வைத்தாலும் பத்து மடங்கில் 30 ஆகிவிடும். டிஃப் (பிக்சல் படம்) கேட்கும் கடையாக இருந்தால் முழு அளவுக்கு 72இல் எடுங்கள்: 17,712க்கு 3,888 பிக்சல், சுருக்காமல் 275 எம்பி வரும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும். பென் டிரைவே நல்லது.

நிறம்: அச்சு மை நிறங்களான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றிப் பாருங்கள், திரையில் பளபளக்கும் பச்சை கொஞ்சம் செத்துவிடும். அதைப் பார்த்துவிட்டுத் திருத்துவது நல்லது, போர்டு ஏறிய பிறகு அல்ல. வெறும் கருப்பு 100 பிளெக்ஸில் சாம்பலாக வெளுக்கும். சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கருப்பு 100 வையுங்கள். வெள்ளை எழுத்தில் ஓவர்பிரிண்ட் (அடியில் உள்ள நிறத்தின் மேலேயே அடிப்பது) டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், இருந்தால் எழுத்தே மறைந்துபோகும். ஒரு அடிக்கு ஒரு அடி சாம்பிள் அடித்துக் கேளுங்கள். தருவார்கள்.

இலைச்சாப்பாடு:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு ராத்திரி உட்கார்ந்து வரைந்துவிட்டேன். வெளிக்கோடு 8 புள்ளி, நரம்போடு சேர்த்து மொத்தம் 46. சாம்பிளில் பச்சை முதலில் பாசி பிடித்த மாதிரி வந்தது. மெஜந்தாவை முழுவதும் எடுத்ததும் சரியாகிவிட்டது. பிளெக்ஸ் புதன் கிழமையே ஏறிவிட்டது.

இனி ஏசிபி. எழுத்து வெட்டுபவர் ஃபைலைப் பார்த்துவிட்டு "கோடு கோடா மோதுது, வெல்ட் பண்ணிக் கொடுங்க" என்கிறார். அச்சில் நன்றாகத்தானே வந்தது?

எழுத்துக்கூடம்:
அச்சில் தெரியாது, வெட்டில்தான் தெரியும். ஃபான்டில் சில எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். நிறம் ஒன்று என்பதால் கண்ணுக்கு ஒரே வடிவம். ரூட்டருக்கு நிறம் தெரியாது, கோடு மட்டும்தான் தெரியும். அந்த இடத்தில் குறுக்கே வெட்டிவிடும். இல்லஸ்ட்ரேட்டரின் பாத்ஃபைண்டரில் யுனைட், கோரலில் வெல்ட் போட்டு ஒரே வடிவமாக்குங்கள். அதே மாதிரி, வெள்ளைக் கட்டம் வைத்து எதையாவது மறைத்திருந்தால் அதையும் நிஜமாகவே கழித்து எடுங்கள், இல்லையென்றால் அந்தக் கட்டத்தையும் வெட்டிக் கொடுப்பார்கள்.

பேனாமுனை:
இலை நரம்பை லைட் எழுத்துக்கு வெட்ட முயல வேண்டாம், உள்ளே எல்இடி மாட்யூல் நுழையாது. இலையை ஒரே துண்டாக வெட்டி, நரம்பை வினைலில் ஒட்டச் சொல்லுங்கள். அந்த வினைலுக்குத் தனி ஃபைல். எழுத்துக்கும் மாட்யூலின் அகலத்தை அவரிடம் கேட்டு, அதைவிடத் தடித்த ஃபான்டாக எடுங்கள்.

பட்டறைக்காரன், ஈரோடு:
நிரந்தர போர்டு என்பதால் இன்னொன்று. தமிழ்நாட்டு விதிப்படி பெயர்ப் பலகையில் தமிழ்தான் பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2. உங்கள் லோகோவில் ஆங்கிலம் பெரிதாக இருந்தால் வெட்டுமுன் மாற்றிவிடுங்கள்.

அப்புறம் "மெஸ்" என்பதில் "ஸ்" மேலே இருக்கும் புள்ளி தனித் துண்டு. அதற்குத் தனியாக ஒயர், தனியாக ஸ்டட் (பலகையில் பொருத்தும் கம்பி) வேண்டும். மாட்டுகிறவர்கள் வண்டியில் இறக்கும்போது தொலைப்பது எப்போதும் அதைத்தான். முழு அளவுக்கு ஒரு பேப்பர் பிரிண்ட் எடுத்து, புள்ளியின் இடத்தை வட்டமிட்டு, துண்டுகள் மொத்தம் எத்தனை என்று அதிலேயே எழுதிக் கொடுங்கள்.

இலைச்சாப்பாடு:
எண்ணிப் பார்த்தேன் அண்ணா. கடைப்பெயரோடு சேர்த்து நாலு புள்ளி. பேப்பரில் நாலையும் சிவப்பில் வட்டமிட்டுவிட்டேன்.