புதுப்பிப்பு: குடும்பப் படத்தில் பின்வரிசை முகங்கள்

ஸ்டுடியோவில் எடுக்கும் குடும்பப் படங்களில் பின்வரிசை முகங்கள் மங்கலாகவும் இருண்டும் விழுவதை எப்படித் தவிர்ப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். நீங்கள் கூறிய வழிகளால் கிடைத்த பலனை இப்போது பதிவு செய்கிறேன். லென்ஸின் ஒளித்துளையான அப்பெர்ச்சரை எஃப்/2.8-இலிருந்து எஃப்/8-க்கு, அதாவது சிறிய துளைக்கு, மாற்றியதும், பின்னால் நின்ற தாத்தாவின் இமை முடிகள்கூடத் துல்லியமாகத் தெரிந்தன. ஆனால் பெரிய மாற்றத்தைத் தந்தது சாஃப்ட்பாக்ஸை (ஒளியை மென்மையாக்க விளக்கின் முன் பொருத்தும் துணிப்பெட்டி) விளக்கோடு தள்ளி வைத்ததுதான்: தூரம் இரட்டிப்பானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைவதால், விளக்கு அருகில் இருக்கும்போது இரு வரிசைகளுக்கும் இடையே தோன்றும் வெளிச்ச வேறுபாடு, அது 3 மீட்டர் விலகி நிற்கும்போது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. நிழலின் விளிம்பு சற்றுக் கூர்மையாவது உண்மைதான் என்றாலும், எல்லா முகங்களும் சமமாகத் தெரிவதையே நான் விரும்புவேன்.

வெளிப்புறத்தில், நேர் வெயிலைத் தவிர்த்து, கட்டட நிழலின் விளிம்பில் திறந்த வானத்தை நோக்கி அனைவரையும் நிறுத்தியபோது யாரும் கண்ணைச் சுருக்கவில்லை. குழந்தைகள் அசைந்துகொண்டே இருப்பார்கள் என்பதால் ஷட்டர் வேகத்தை 1/250 நொடியில் வைத்து, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவு) உயர விட்டேன். புல்தரையிலிருந்து எதிரொளித்துத் தாடைகளின் அடியில் படரும் பச்சைச் சாயல் மட்டும் இன்னும் முழுமையாக நீங்கவில்லை.