கையோடு வரவேண்டிய பை லாரியில் ஏறிவிட்டால்

மேற்கு மாம்பலம், முதல் மாடி:
கீழ்வீட்டுக்குக் குடிவந்தவங்களைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறலை. ராத்திரி 9 மணி. லாரி போயாச்சு. ஹால் முழுக்க அட்டைப்பெட்டி. பால் பாக்கெட் இருக்கு, அடுப்பு இருக்கு, சிலிண்டர் இருக்கு, ரெகுலேட்டரைக் காணோம். அந்த வீட்டுப் பாட்டி பிளாஸ்டிக் ஸ்டூல்ல உட்கார்ந்து கையில தீப்பெட்டியை இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க. மேல்வீட்டுல காய்ச்சித் தர்றோம்னு சொல்லியும் ஒத்துக்கலை. பால் புது வீட்டு அடுப்புலதானே பொங்கணும்!

முதல் ராத்திரிக்கு வேண்டியதை அவங்க தனிப் பையா கட்டாம இல்லை. ரெகுலேட்டர், லைட்டர், பால் பாத்திரம், மாத்திரை, சார்ஜர் எல்லாத்தையும் ஒரே பையில போட்டு வாசல் ஓரமா வச்சிருக்காங்க. லோடுமேன் முதல் நடையிலேயே அதைத் தூக்கி ஏத்திட்டார். பை கட்டினா மட்டும் போதாதுங்க. சாமான் ஏத்தற நாள் விடியறதுக்குள்ள அது பழைய வீட்டை விட்டு வெளியே போயிடணும். பக்கத்து வீட்டுல குடுத்து வைக்கலாம், கார் டிக்கியில பூட்டலாம். ரெண்டும் முடியலைன்னா பாத்ரூம்ல வச்சு வெளிய தாழ்ப்பாள் போட்டு "ஏத்தாதீங்க"ன்னு ஒரு தாள் ஒட்டணும்.

லோடு மேஸ்திரி:
லோடுமேனைக் குத்தம் சொல்லாதீங்க. "ரூமைக் காலி பண்ணு"ன்னா கண்ணுல பட்டதை எல்லாம் தூக்குவான். அதுதான் அவன் வேலை. வாசல்ல இருந்த பை முதல்ல ஏறும், லாரியில ஆழத்துல போகும், இறங்குறப்போ கடைசியில வரும்.

ரெகுலேட்டர் பத்தி ஒழுங்கா சொல்றேன். முதல்ல குமிழை ஆஃப் பண்ணுங்க. அப்புறம் அடியில இருக்கற வளையத்தைத் தூக்கிப் பிடிச்சுக் கழட்டணும். கழட்டின கையோட சிலிண்டர் வாயில நூல் கட்டின மூடியைப் போட்டு அழுத்தி மூடுங்க. ரெகுலேட்டர், டியூப், லைட்டர் மூணும் ஒரே கவர்ல இருக்கட்டும். லாரியில சிலிண்டர் நிமிர்ந்துதான் நிக்கணும், கயிறு கட்டணும், படுக்க வைக்கவே கூடாது. புது வீட்டுல மாட்டினதும் வாடை வந்தா, பெரும்பாலும் வால்வுக்குள்ள இருக்கற ரப்பர் வாஷர் தேஞ்சிருக்கும், இல்ல விழுந்திருக்கும். சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க, குமிழி வந்தா கசிவு. தீக்குச்சி பத்த வச்சுப் பார்க்கறது மகா தப்பு. உடனே ரெகுலேட்டரைக் கழட்டி மூடியைப் போட்டு, ஜன்னலைத் திறந்துட்டு 1906க்கு அடிங்க.

வேற ஊருக்குப் போறவங்க கணக்கு வேற. சிலிண்டர், ரெகுலேட்டர் ரெண்டையும் ஏஜென்சியில ஒப்படைச்சு டிரான்ஸ்பர் வவுச்சர் வாங்கிக்கணும். அந்தச் சீட்டு பையில இருக்கணும், பீரோவுல இல்ல. புது ஊர்ல கேஸ் வர்றவரைக்கும் இண்டக்ஷன் அடுப்புதான். பெரிய பிளக்கா இருந்தா சாதாரண சாக்கெட்டுல நுழையாது, 16 ஆம்பியர் பாயின்ட் எந்தச் சுவத்துல இருக்குன்னு முன்னாடியே போய்ப் பார்த்துடுங்க.

மருந்துக்கடை கவுன்ட்டர்:
முதல்ல பேசின மாம்பலத்துக்காரங்க மாத்திரையை ஒரே வார்த்தையில தாண்டிட்டாங்க. இன்சுலின் போடறவங்க வீட்டுல நடக்கறதைச் சொல்றேன். ஃபிரிட்ஜைக் காலி பண்ணும்போது இன்சுலினை எடுத்து ஐஸ் பேக் மேலேயே வச்சுக் கட்டிடறாங்க. அது ஒருதரம் உறைஞ்சா போச்சு, உருகினபிறகும் போடக் கூடாது. ஐஸுக்கும் மருந்துக்கும் நடுவுல மடிச்ச துண்டு ஒண்ணு இருக்கணும். இப்ப உபயோகத்துல இருக்கற இன்சுலின் பேனாவை (ஊசி போடற கருவி) ஃபிரிட்ஜ்ல வைக்கவேண்டிய அவசியமில்ல. அறை வெப்பத்துல, 30 டிகிரிக்கு உள்ள, பெரும்பாலான வகை 4 வாரம் வரை தாங்கும். அட்டையில என்ன போட்டிருக்குன்னு ஒருதரம் படிச்சிடுங்க. வெயில்ல நிக்கற கார்ல விட்டுட்டுப் போகாதீங்க. ஊசி, குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப், நாலு சர்க்கரை மிட்டாய் எல்லாம் சேர்ந்தே இருக்கட்டும். மூட்டை தூக்கிட்டுச் சாப்பாட்டு நேரம் தவறினா சர்க்கரை இறங்கும். மத்த மாத்திரைகளும் 3 நாளைக்கு வேணும், ஒரு நாளைக்கு எடுத்துவச்சா பத்தாது. மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து வீட்டுல ரெண்டு பேர் போன்லயாவது வச்சுக்கணும்.

வயரிங் வேலை:
முன்னாடி குடியிருந்தவங்க பல்பைக் கழட்டிட்டுப் போயிருப்பாங்க. 9 வாட் எல்இடி ரெண்டு, பின் டைப். டெஸ்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் அந்தப் பையில இருக்கட்டும். சாமான் இறங்கறதுக்கு முன்னாடி ஈபி மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுங்க, பழைய பாக்கி உங்க தலையில விழாது. ஃபிரிட்ஜை லாரியில சாய்ச்சோ படுக்க வச்சோ கொண்டுவந்திருந்தா 4 மணி நேரமாவது நிமிர்ந்து நிக்க விடுங்க. கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள்ள ஓடியிருக்கும், அது திரும்ப இறங்கணும். அதனால முதல் ராத்திரிக்கு அரை லிட்டர் பால் பாக்கெட் ஒண்ணு போதும், அதிகமா வாங்காதீங்க.

வேளச்சேரி அக்கா:
எல்லாத்தையும் ஒரே பையில போடறதே தப்புங்கறேன். புது வீட்டுல முதல்ல தேடறது பாலும் இல்ல, பல்பும் இல்ல. பாத்ரூமுக்கு வாளியும் மக்கும். அந்த வாளியையே ரெண்டாவது பையா ஆக்குங்க: மக், சோப்பு, பினாயில், தரை துடைக்கிற துணி, கொடிக்கயிறு, கொசுவத்தி, ஜன்னலை மறைக்க ஒரு பழைய பெட்ஷீட். கட்டில் போல்ட், நட்டு எல்லாத்தையும் கவர்ல போட்டு, ஸ்பேனரோட சேர்த்து வாளி அடியில வைங்க. போல்ட் காணாம தரையில படுக்கற வீடுதான் அதிகம். தோள்ல மாட்டற சின்னப் பையில பீரோ சாவி, நகை, வாடகை ஒப்பந்தம், ஆதார், லோடுமேனுக்குக் குடுக்க 100 ரூபாய் தாளா சில்லறை. அதைத் தோளை விட்டு இறக்கவே கூடாது.

மேற்கு மாம்பலம், முதல் மாடி:
வாளி யோசனை சரிதாங்க. கீழ்வீட்டுப் பை காலையில கிடைச்சுது, மெத்தைக்கும் சுவத்துக்கும் நடுவுல. பாட்டிக்கு ராத்திரி போடவேண்டிய பிரஷர் மாத்திரை தவறிடுச்சு. எழுந்ததும் முதல் வேலையா அவங்கதான் அடுப்பைப் பத்த வச்சாங்க.