டான் ஆற்றில் ஏப்ரல் மாதம்: பெரிய பிரவுன் டிரவுட் ஏன் ஈயை எடுப்பதில்லை?

தாமிரபரணிக்காரன்:

வணக்கம். ஸ்காட்லாந்தில் அபர்டீனுக்கு வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. சின்ன வயதில் ஆற்றங்கரையே கதி என்று கிடந்தவன், மண்புழு கோர்த்துக் கெண்டையும் கெளுத்தியும் பிடித்திருக்கிறேன், அதனால் தூண்டில் புதிதில்லை. ஆனால் ஃப்ளை ஃபிஷிங், அதாவது முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய் ஈயை வீசிப் பிடிக்கிற வித்தை, போன வருடம்தான் பழகினேன். அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை.

இந்த ஏப்ரலில் பிரவுன் டிரவுட் என்ற ஆற்று மீனைத் தேடி, இங்கே ஓடுகிற டான் ஆற்றில் கெம்னே, மோனிமஸ்க் ஊர்கள் பக்கமாக ஐந்து நாள் பெர்மிட் எடுத்துப் போனேன். காலை ஆறரைக்கெல்லாம் தண்ணீரில் இறங்கி, பதினோரு மணிக்குக் கிளம்பிவிடுவேன். ராட், அதாவது தூண்டில் கோல், 9 அடி, 5 வெயிட் லைனுக்கானது (லைன் என்பது ஈயைச் சுமந்து போகிற கனமான நூல், வெயிட் அதன் கன எண்). பித்தளை மணி வைத்த நிம்ஃபை, அதாவது இறக்கை முளைக்காத நீர்ப்பூச்சி மாதிரி கட்டிய அமிழும் ஈயைத்தான், வேகமான ஓட்டத்தில் திரும்பத் திரும்ப விடுகிறேன். கிடைத்ததெல்லாம் சாண் நீளம்கூட இல்லாத குட்டிகள். மூன்றாம் நாள் கரை மேட்டிலிருந்து பார்த்தபோது ஒரு ஆல்டர் மரத்தின் வேரை ஒட்டி, கிட்டத்தட்ட இரண்டடி இருக்கும், ஒன்று அசையாமல் நின்றது. இறங்கிப் போய் இருபது தடவை வீசினேன். அது எப்போது போனது என்றே தெரியவில்லை.

நேரம் தவறா, ஈ தவறா, இடம் தவறா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மடுக்கரை:

தம்பி, முதல் தவறு நேரம். நம்மூர் ஆற்றில் விடியற்காலை நல்ல நேரம், வெயில் ஏறினால் மீன் ஆழத்துக்குப் போய்விடும். இங்கே வசந்தத்தில் அது அப்படியே தலைகீழ். ஏப்ரல் காலையில் தண்ணீர் 5, 6 டிகிரிதான் இருக்கும், மலையில் பனி உருகிக்கொண்டிருந்தால் இன்னும் குறையும். அந்தக் குளிரில் பெரிய மீன் அசையாது, அசைந்து செலவழிக்கிற சக்தி கிடைக்கிற தீனியில் திரும்பாது. எட்டு டிகிரியைத் தாண்டினால் கொஞ்சம் நம்பலாம், பத்தைத் தொட்டால் சந்தோஷம். ஒரு சின்ன தெர்மாமீட்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், அது ராடைவிட அதிகம் சொல்லித்தரும்.

நீங்கள் வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில்தான் இந்த ஆறு கண் விழிக்கிறது. பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரைக்கும்தான் பூச்சி கிளம்பும். மழை விட்டதும் நம்மூரில் ஈசல் கிளம்புமே, கிட்டத்தட்ட அதே மாதிரி, ஆனால் இது ஆற்றின் அடியிலிருந்து வரும். இந்த மாதத்தில் முக்கியமானவை இரண்டு. லார்ஜ் டார்க் ஆலிவ் மேகமூட்டமான, காற்றடிக்கிற நாளிலும் மெதுவாக வந்துகொண்டே இருக்கும், அதற்கு 14ஆம் எண் முள் (எண் குறையக் குறைய முள் பெரிது). மார்ச் பிரவுன் அதைவிடப் பெரியது, 12ஆம் எண். பெயர்தான் மார்ச், இங்கே ஏப்ரலிலும் நன்றாக வரும். பத்து நிமிடம் கொத்தாகக் கிளம்பி, சட்டென்று நின்று, கால் மணி நேரம் கழித்து மறுபடி வரும். அந்தப் பத்து நிமிடத்தில்தான் வருடம் முழுக்க அடியிலேயே கிடக்கிற பெரிய மீன்கூட மேலே வாய் வைக்கும்.

இடமும் தவறுதான். வேகமான ஓட்டம் குட்டிகளுக்கு உரியது. குளிர்காலத்துக்கு முன் முட்டையிட்டு மெலிந்துபோன பெரிய மீன் இப்போது உடம்பு தேற்றிக்கொண்டிருக்கிறது, அது எதிர்நீச்சல் போடாது. மடு முடிந்து தண்ணீர் வழுவழுவென்று மெலிந்து போகிற இடம், வேகமும் மந்தமும் உரசிக்கொண்டு நுரைக்கோடு போடுகிற இடம், வேரடி, கரையடிக் குடைவு, இங்கெல்லாம் பாருங்கள். ஓட்டமே தீனியை வாய்க்குக் கொண்டுவந்து கொடுக்கிற இடத்தில்தான் அது நிற்கும்.

இன்னொன்று, சாண் நீளக் குட்டி என்றீர்களே, அதில் பாதி சால்மன் குஞ்சாக இருக்கலாம். முதுகுக்குப் பின்னால், வாலுக்கு முன்னால் ஒரு சின்னச் சதைத்துடுப்பு இருக்கும். ஆரஞ்சு அல்லது சிவப்புச் சாயல் இருந்தால் டிரவுட், சாம்பல் நிறமாக இருந்தால் சால்மன். ஏப்ரல், மே மாதங்களில் சால்மன் குஞ்சுகள் வெள்ளி நிறமாக மாறிக் கடலுக்குக் கிளம்பும், கையில் அதிக நேரம் வைத்திருக்காமல் உடனே விட்டுவிடுங்கள்.

யாழ்_தூண்டில்:

அண்ணை சொன்னதோடு நான் ஒன்று சேர்க்கிறேன். நான் தெற்கு ஸ்காட்லாந்தில் ட்வீட் ஆற்றில், பீபிள்ஸ் ஊர்ப் பக்கம் பத்து வருடமாகப் போகிறேன். இருபது தடவை வீசினேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் முதல் தடவையிலேயே அந்த மீன் உங்களைக் கண்டிருக்கும். டிரவுட் எப்போதும் நீர் வரும் திசையைப் பார்த்துத்தான் நிற்கும், ஆகவே பின்னாலிருந்து, கீழ்ப்புறமாக, குனிந்து போங்கோ. முடிந்தால் தண்ணீரில் இறங்காமலே. நான் ஒரு மீனைக் கண்டால் முதலில் கரையில் இருந்து ஐந்து நிமிடமாவது வடிவாகப் பார்ப்பேன்: எத்தனை நொடிக்கு ஒருதரம் எழும்புது, மேலே மிதக்கிற ஈயை எடுக்குதா, அல்லது நீர்மட்டத்துக்கு ஒரு அங்குலம் கீழே எடுக்குதா. முதுகு மட்டும் தெரிந்து வாய் தெரியாவிட்டால் அது இறக்கை விரிக்காத பூச்சியைத் தின்னுது, உங்கள் ஈயும் பாதி அமிழ்ந்து மிதக்க வேண்டும்.

ஈ எது என்பதைவிட அது எப்படி மிதக்குது என்பதுதான் பெரிய விஷயம். உங்கள் லைன் வேகமான ஓட்டத்தில் விழுந்தால் அது ஈயை இழுக்கும், ஈ தண்ணீரில் கோடு கிழிக்கும். குட்டி அதையும் துரத்தும், ஏழு எட்டு வயது மீன் திரும்பியும் பாராது. நுனித் தங்கூசியை நீட்டுங்கோ, 12 அடி லீடர், கடைசிப் பகுதி 4 அல்லது 5 ராத்தல் தாங்கினால் போதும். ஒரே ஒரு ஈதான் வைத்திருக்கலாம் என்றால் நான் கிரீன்வெல்ஸ் குளோரியை வைப்பேன். 1854இல் இதே ட்வீட் கரையில், ஸ்ப்ரூஸ்டன் என்ற ஊரில் ஜேம்ஸ் ரைட் கட்டிக் கொடுத்த ஈ, ஆலிவ் பூச்சி வரும் நாளில் இன்றைக்கும் வேலை செய்யுது.

பெரியது எடுத்தால் பதறி இழுக்க வேண்டாம். அது ஆறுதலாக வாய் மூடி, தலையைக் கீழே திருப்பின பிறகு ராடை உயர்த்துங்கோ. நான் தவறவிட்ட நல்ல மீன்கள் எல்லாம் அவசரத்தால் போனவைதான்.

வெள்ளிச்செதில்:

எல்லாரும் பிடிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்கு வேறு கவலை. டானில் டிரவுட் இந்த அளவு வளர்வதற்குக் காரணம் அது நல்ல விளைநிலங்கள் வழியாக வருவதுதான். பக்கத்து டீ ஆறு சால்மனுக்குப் பேர்போனது, மண்வளத்தில் டான் கரையின் ஒரு மைல் டீயின் இரண்டு மைலுக்குச் சமம் என்று இந்தப் பக்கத்தில் பழைய சொலவடையே உண்டு. ஆனாலும் காட்டு மீன் ஐம்பது சென்டிமீட்டர் ஆவதற்குப் பல வருடம் பிடிக்கும். அதைக் கொன்றால் அந்த வேரடி காலியாகிவிடும்.

அதனால் முள்ளின் நுனியில் பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கிற எதிர்முனையை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள், ரப்பர் கைவலை வாங்குங்கள், கையை நனைத்த பிறகே தொடுங்கள், படம் எடுப்பதென்றால் மீன் தண்ணீரிலேயே இருக்கட்டும். அப்புறம், ஏப்ரலில் சரளைக்கல் பரப்பின் மேல் நடக்காதீர்கள். போன இலையுதிர்காலத்தில் இட்ட முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் இன்னும் அந்தக் கல்லுக்கு அடியில்தான் இருக்கும். வேறு ஆற்றிலிருந்து வருகிறீர்கள் என்றால் பூட்ஸையும் வலையையும் கழுவிக் காயவைத்துக் கொண்டு வாருங்கள்.

ஸ்காட்லாந்தில் டிரவுட் பருவம் மார்ச் 15 முதல் அக்டோபர் 6 வரை. இங்கிலாந்து மாதிரி அரசாங்க லைசென்ஸ் தேவையில்லை, ஆனால் அந்தந்தக் கரைக்குரியவரின் அனுமதி வேண்டும். நீங்கள் பெர்மிட் எடுத்தே போவது நல்ல விஷயம்.

தாமிரபரணிக்காரன்:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று சனிக்கிழமை, பதினொன்றரைக்குத்தான் ஆற்றுக்கே போனேன். தண்ணீர் 8.5 டிகிரி. ராடைப் புல்லில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன், அதுதான் இருப்பதிலேயே கஷ்டமாக இருந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு முதல் பூச்சி, சின்னப் பாய்மரப் படகு மாதிரி இறக்கையைத் தூக்கி நிறுத்திக்கொண்டு மிதந்து வந்தது. அடுத்த ஐந்து நிமிடத்தில் மடுவின் கடைசியில், நான் போன வாரம் முழங்கால் தண்ணீரில் மிதித்து நடந்த அதே இடத்தில், மூன்று மீன் எழும்பின. பின்னாலிருந்து மண்டியிட்டுப் போய் நாலாவது வீச்சில் ஒன்று எடுத்தது. கை நடுங்கியது, ஆனாலும் அது தலை திருப்பும்வரை பொறுத்தேன். வலையின் அளவுகோட்டில் 46 சென்டிமீட்டர். வெண்ணெய் நிற வயிறு, வெள்ளை வளையத்துக்குள் சிவப்புப் புள்ளிகள். விட்ட பிறகு என் பூட்ஸ் நிழலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது.

ஆல்டர் வேரடி மீன் இன்னும் அங்கேதான் இருக்கிறது. இரண்டு தடவை எழும்பியதைப் பார்த்தேன். மேலே கிளை தாழ்ந்து தொங்குவதால் வீச வழியில்லை. இதற்கு என்ன செய்வது?

மடுக்கரை:

46 என்பது எந்த வருடத்துக்கும் நல்ல மீன், தம்பி. கிளைக்கு அடியில் போக ராடைத் தண்ணீருக்குச் சமமாகப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் வீச வேண்டும், லைன் முழங்கால் உயரத்தில் சுருண்டு உள்ளே போகும். ஆற்றில் பழகாதீர்கள், முதலில் ஏதாவது புல்வெளியில் ஒரு நாற்காலிக்கு அடியில் கம்பளி நூல் துண்டை அனுப்பிப் பழகுங்கள். பத்துக்கு எட்டு தடவை உள்ளே போகிற அன்றைக்கு ஆல்டர் மரத்துக்குப் போங்கள்.