பாஸ்டன் ஓவியர்களின் அமைதியான அறைகள்: அழகா, ஒளித்து வைத்தலா?

நெய்தல்:
இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஸ்டன் ஓவியர்கள் எட்மண்ட் டார்பெல், வில்லியம் பாக்ஸ்டன் வரைந்த வீட்டுக் காட்சிகளை இங்கே பலர் புகழ்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. டார்பெல்லின் 'கேர்ள் குரோஷேயிங்' (1904) படத்தில் ஜன்னல் வெளிச்சம், மெருகேறிய மேசை, குனிந்து பின்னல் போடும் பெண். கைத்திறனில் குறையே இல்லை. ஆனால் அந்த மேசையைத் துடைத்தது யார்? 1912 ஜனவரியில், பாஸ்டனுக்குப் பக்கத்திலேயே லாரன்ஸ் நகரத்து நெசவாலைகளில் 20,000க்கும் மேற்பட்டோர் கூலிக்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அதில் பெண்கள் ஏராளம். அந்த உலகத்தின் நிழல்கூட இந்த அறைகளில் விழவில்லை.

சாளரம்:
துடைத்தது யார் என்பதை பாக்ஸ்டனே வரைந்திருக்கிறார், நண்பரே. 'தி ஹவுஸ் மெய்ட்' (1910) பாருங்கள். வீட்டு வேலை செய்யும் பெண் இறகுத் துடைப்பானைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு புத்தகம் படிக்கிறாள். யாரும் அவளை விரட்டவில்லை.

இன்னொன்று. டார்பெல்லும் பாக்ஸ்டனும் பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரை ஆழ்ந்து படித்தவர்கள். பாஸ்டன் கலைச் சேகரிப்பாளர் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் 1892லேயே வெர்மீரின் 'தி கான்செர்ட்' ஓவியத்தை வாங்கியிருந்தார். வெர்மீரிடம் ஓரிடம் மட்டும் கூர்மையாகவும் மற்றவை சற்றே கலங்கியும் தெரிவதைக் கவனித்து, பாக்ஸ்டன் அதைத் தன் படங்களில் செய்து பார்த்தார். நம் கண் உண்மையில் அப்படித்தானே பார்க்கிறது! அந்த அமைதி இந்தப் பார்வையிலிருந்து வருகிறது, பணத்திலிருந்து அல்ல.

எழுதுகோல்:
வீட்டுக்குள் பெண்களையும் குழந்தைகளையும் வரைந்த அமெரிக்க ஓவியர் மேரி கசாட்டை மறந்துவிட்டீர்களா? 'தி சைல்ட்ஸ் பாத்' (1893)?

நெய்தல்:
கசாட் பிரான்சில் வாழ்ந்து வரைந்தவர், அவருக்குத் தனி இழையே வேண்டும்.

சாளரம், அந்தப் பெண் படிக்கிறாள், சரி. ஆனால் அவளுக்கு முன்னால் மேசை நிறையச் சீனப் பீங்கான்கள். அவளும் அந்தச் சேகரிப்பில் ஒரு பொருளாகிவிடுகிறாள். நியூயார்க் ஓவியர் ஜான் ஸ்லோனின் 'த்ரீ ஏ.எம்.' (1909) இதற்கு நேர் எதிர். அந்நகரத்தின் ஒரு சாதாரண சமையலறை. இரவு உடையில் ஒருத்தி அடுப்பருகே நிற்கிறாள், வெளியே போய்வந்த இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். விடியற்காலை மூன்று மணிக்கு இருவருக்கும் பேச்சும் சாப்பாடும். நியூயார்க்கின் ஓவியக் கழகமான நேஷனல் அகாடமி இந்தப் படத்தைத் தன் கண்காட்சிக்கு ஏற்கவில்லை. இதுவும் அமைதிதான், ஆனால் அந்த இருவருக்கே சொந்தமான அமைதி.

சாளரம்:
அவர்களுக்கே சொந்தமா? ஸ்லோன் அதை 23ஆம் தெருவில் இருந்த தன் வீட்டின் பின்ஜன்னல் வழியாகப் பார்த்து வரைந்தார். அந்தப் பெண்களிடம் கேட்டா பார்த்தார்? டார்பெல் 'ஜோசபின் அண்ட் மெர்சி' (1908) படத்தில் வரைந்தது தன் சொந்த மகள்களை. ஸ்லோனே 1910இல் சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தும், தன் ஓவியங்கள் பிரச்சாரமாகக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தவர். டார்பெல்லிடம் மட்டும் ஏன் வேலைநிறுத்தத்தைத் தேடுகிறீர்கள்?

நெய்தல்:
ஜன்னல் பற்றிய கேள்வி நியாயமானது, அது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் நான் கேட்பது பிரச்சாரம் அல்ல, உழைப்பின் பாரம். ஸ்லோனின் 'எ வுமன்ஸ் ஒர்க்' (1912) படத்தில் அடுக்குமாடியின் பின்புறத்தில், தீப்பிடித்தால் தப்பிப்பதற்கான வெளிப்படிக்கட்டில் நின்று ஒரு பெண் துணி காயப்போடுகிறாள். அங்கேயும் வெளிச்சம் அழகாகத்தான் இருக்கிறது.

சாளரம்:
டார்பெல்லின் பெண் கையிலும் வேலைதான் இருக்கிறது. துணி உலர்த்தினால் உழைப்பு, பின்னல் போட்டால் பொழுதுபோக்கு என்று பிரிப்பதை நான் ஏற்கமாட்டேன்.