கலைச்சொல்: பேரிங் கிளியரன்ஸ் = மசகிடை?

(சாட்ஸ்வர்த், டர்பன்)

அனைவருக்கும் வணக்கம். பழைய கார் எஞ்சினைப் பிரித்துக் கட்டும் கையேட்டின் வரைவில், பேரிங் கிளியரன்ஸ் (சுழலும் கிராங்க் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவிலுள்ள இடைவெளி) வரும் இடமெல்லாம் 'ஆட்டம்' என்று இருக்கிறது. மாற்ற வேண்டும். ஆட்டம் என்பது தேய்மானம், தானாக வருவது. கிளியரன்ஸ் நாமே அளந்து விடுவது, எண்ணெய் நிற்கும் இடம். மசகு + இடை = 'மசகிடை' என்று வைக்கலாமா?

சொல் பிசகினால் வேலையும் பிசகும். புதிதாகக் கட்டிய ஃபோர்ட் எஸெக்ஸ் வி6 எஞ்சின், கார்ட்டினா காரில். காலையில் எண்ணெய் அழுத்தம் கேஜில் 50 பிஎஸ்ஐ. பைன்டவுனிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏறி நிறுத்தினால் ஐட்லிங்கில் 8. "எல்லாம் புதுசு, ஆட்டம் எங்கே இருக்கும்?" என்று பம்பை மாற்றுவார்கள். பம்ப் தருவது ஓட்டம் மட்டும்; போகிற வழி குறுகலாக இருப்பதால்தான் அழுத்தம் ஏறுகிறது. கசிவு இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப வளரும்: 0.002 அங்குலம் 0.004 ஆனால் எட்டு மடங்கு. கிராங்க்கை 10 'தவ்' (ஒரு தவ் = 0.001 அங்குலம்) அரைக்கச் சொல்லி 12 அரைபட்டு, 10-க்கான ஷெல் (பேரிங்கின் அரைவட்ட ஓடு) போட்டிருந்தால் போதும். பாகம் புதிது, தேய்மானம் இல்லை, ஆனால் மசகிடை மிகை.

(ஃபீனிக்ஸ்)

> மசகு + இடை = 'மசகிடை' என்று வைக்கலாமா?

ஐயா, பட்டறையில் மசகு என்று யாரும் சொல்வதில்லை, ஆயில்தான். அதோடு வால்வு கிளியரன்ஸும் உண்டே, அதையும் மசகிடை என்பீர்களா? ஆஃப்ரிக்கான்ஸில் 'ஸ்பீலிங்' ஒன்றே ஆட்டத்துக்கும் இடைவெளிக்கும் ஓடுகிறது, வேலை நின்றா போயிற்று?

இன்னொன்று. மசகிடையைச் சந்தேகிக்குமுன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. அழுத்தத்தை உணர்ந்து கேஜுக்குச் சொல்லும் மின் சென்டரை (sender) நம்பாமல் அந்தத் துளையிலேயே மெக்கானிக்கல் கேஜ் பொருத்துங்கள். சூடான எஞ்சினில் நிமிடத்துக்கு 1000 சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ என்பது பொதுக் கணக்கு. ஐட்லிங்கில் மட்டும் குறைந்து, வேகத்தில் சரியாகிவிட்டால் உங்கள் கட்சி பலமாகும். எல்லா வேகத்திலும் குறைவென்றால் மிகை அழுத்தத்தை வடியவிடும் ரிலீஃப் வால்வின் இருக்கையில் தூசியோ, எண்ணெய் உறிஞ்சும் பிக்கப் குழாயில் காற்றோ. சட்டென்று பூஜ்யமானால், எஸெக்ஸில் முதலில் பம்பைச் சுழற்றும் அறுகோணத் தண்டு. முனை மழுங்கிச் சுழல்வது அந்த எஞ்சினின் பழைய வியாதி. உடனே அணைத்துவிட வேண்டும்.

(சாட்ஸ்வர்த்)

வால்வில் விடுவது உலோகம் சூடேறி நீள்வதற்கான இடம். அது 'வெப்பிடை' ஆகட்டும். இரண்டையும் 'இடை' என்று முடித்தால் உறவும் தெரியும், வேற்றுமையும் தெரியும். 'ஆயிலிடை' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஸ்பீலிங் வாதத்தை ஏற்க மாட்டேன். அங்கேயும் இதே குழப்பம் நடப்பதுதான் அதற்குப் பொருள்.

(பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அண்ணா, மசகிடைக்கு என் ஓட்டு. ஆனால் வரைவில் "மசகிடை குறைந்தால் எஞ்சின் கொதிக்கும்" என்று இருப்பதை எடுத்துவிடுங்கள். குறைந்தால் கிராங்க் கையால் சுற்றவே கனக்கும், பேரிங் பிடிக்கும். ரேடியேட்டர் கொதிப்பது அரிது. பெரும்பாலும் நடப்பது தலைகீழ்: தண்ணீர் சூடேறி, எண்ணெய் இளகி, அழுத்தம் விழுகிறது. ஆகவே எது முதலில் அசைந்தது என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெப்பமுள் ஏறிய பிறகு அழுத்தம் விழுந்தால் இக்னிஷன் பிந்தியிருக்கிறதா, தெர்மோஸ்டாட் திறக்கிறதா, பிளாக்கின் நீர்வழியில் துருச்சேறு தங்கியிருக்கிறதா, ஹெட் கேஸ்கெட் மாறி உட்கார்ந்து துளையை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். வெப்பமுள் நடுவில் நின்றபடியே, எண்ணெய் சூடேறச் சூடேற அழுத்தம் விழுந்தால் மட்டும் சம்ப்பை (அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியை) கழற்றலாம்.

அளக்கும் இழைக்கு (பிளாஸ்டிகேஜ்) 'மசகிடை இழை' போதும். பச்சை இழை 0.001 முதல் 0.003 அங்குலம் வரை. ஜர்னலையும் (பேரிங்குக்குள் சுழலும் கிராங்க்கின் பகுதி) ஷெல்லையும் எண்ணெய் இல்லாமல் துடைத்து, இழையை ஜர்னலின் நீளவாக்கில் வைத்து, கேப்பை (பேரிங் மூடியை) குறித்த டார்க்கில் (முறுக்கு அளவில்) இறுக்கிக் கழற்ற வேண்டும். நடுவில் கிராங்க்கைத் திருப்பக் கூடாது. நசுங்கிய இழை அகலமாக இருந்தால் இடை குறைவு; பலர் மாற்றிப் படிக்கிறார்கள். எஞ்சின் காரிலேயே இருந்தால் கிராங்க்கைக் கீழிருந்து முட்டுக்கொடுத்துத் தூக்கிப் பிடிக்க வேண்டும், இல்லையேல் அதன் கனம் அளவைப் பொய்யாக்கும். ஜர்னல் விட்டத்தில் அங்குலத்துக்கு 0.001 என்பது தொடக்கக் கணக்குதான். கடைசியில் அந்த எஞ்சினின் அட்டவணையைப் பாருங்கள்.

(ஃபீனிக்ஸ்)

சரி, தம்பி சொன்ன வரிசைக்காக ஒத்துக்கொள்கிறேன். முதல் முறை வருமிடத்தில் மட்டும் 'மசகிடை, அதாவது பேரிங் கிளியரன்ஸ்' என்று போடுங்கள். ஷெல்லின் ஓரம் ஹவுசிங்கைவிட (அது உட்காரும் குழியைவிட) சற்று மேலே நின்று, இறுக்கும்போது நெரிந்து பிடிக்கிறதே, அந்த 'கிரஷ்' இன்னும் பாக்கி. 'நெரிவு' எப்படி?